ஒரு முறை ரத்தக்கட்டி வந்தவர் மெனோபாஸ் ஹார்மோன் எடுக்கலாமா?

காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தக்கட்டி வந்த ஒருவருக்கு மெனோபாஸ் வேர்வையும் தூக்கமின்மையும் தொடங்கும்போது, சுற்றியிருப்பவர்களிடமிருந்து இரண்டு விதமான பதில்கள் வரும். "ஹார்மோன் பக்கமே போகாதீர்கள்" என்பார் ஒருவர். "என் நாத்தனார் மூன்று வருஷமாகப் போடுகிறாள், ஒன்றும் ஆகவில்லை" என்பார் இன்னொருவர். இரண்டுமே யோசிக்காமல் சொன்னவை. ஹார்மோன் என்ற ஒரே சொல்லுக்குள், உறைவைத் தூண்டும் மாத்திரையும் இருக்கிறது. ரத்தத்தில் கலப்பதே தெரியாத 10 மைக்ரோகிராம் பிறப்புறுப்பு மாத்திரையும் இருக்கிறது. எந்த மருந்து, எந்த வழியாக, எப்படி வந்த ரத்தக்கட்டிக்குப் பிறகு என்று பிரித்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

அடிபட்ட இடத்தில் கன்றிப்போவதையும் நாம் ரத்தக்கட்டு என்றுதான் சொல்கிறோம். இங்கே பேச்சு அதைப் பற்றி அல்ல. தொடை, கெண்டைக்கால் ஆகியவற்றின் ஆழத்திலுள்ள சிரையில், அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளத்தில், ரத்தம் உறைவதும், அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைப்பதும்தான் விஷயம். சுருள் நரம்பு இருப்பதோ, தோலுக்கு அடியிலுள்ள ரத்தநாளம் வீங்கிச் சிவப்பதோ இதே கணக்கில் வராது. பக்கவாதமும் மாரடைப்பும் தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் நாளம், சம்பந்தப்பட்டவை. அவை வந்தவர்களுக்கு முழு உடலுக்கும் போகும் ஹார்மோனைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். கீழே சொல்வதை அவர்கள் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு தாள்

இந்தச் சந்திப்பு வீணாகப் போவதற்கு மிகப் பெரிய காரணம், பழைய ரத்தக்கட்டியின் விவரம் கையில் இல்லாததுதான். "பதினைந்து வருஷம் முன்னால் காலில் வந்தது, ஊசி போட்டார்கள்" என்பதை வைத்து எந்த மருத்துவரும் ஹார்மோன் எழுதமாட்டார், எழுதவும் கூடாது. ஒரே ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த ஆண்டு, அப்போது உங்கள் வயது என்ன. எந்த இடம்: கெண்டைக்கால் மட்டுமா, தொடைவரையா, நுரையீரலா, அல்லது மூளை, கல்லீரல், குடலின் ரத்தநாளம் போன்ற வழக்கமில்லாத இடமா. ஸ்கேனில் உறுதி செய்தார்களா, அல்லது சந்தேகத்தில் மருந்து கொடுத்தார்களா. என்ன மருந்து, எத்தனை மாதம். இரண்டாவது முறை வந்ததா. அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது 50 வயதுக்குள் வந்ததா.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்பது. அறுவை சிகிச்சையா, எலும்பு முறிவா, மாவுக்கட்டா, பிரசவமா, கருத்தடை மாத்திரையா, நீண்ட விமானப் பயணமா, ஒன்றுமே இல்லையா? பலர் விட்டுவிடுவது கருத்தடை மாத்திரையை. "மாதவிடாய் சீராக" என்று இருபதுகளில் எடுத்த மாத்திரை பெரும்பாலும் அதுவேதான். அதைச் சொல்லாமல் விட்டால், கருத்தடை மாத்திரையிலும் மெனோபாஸ் மருந்திலும் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு உங்கள் ரத்தம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான நேரடிச் சாட்சியம் காணாமல் போய்விடும்.

இங்கே சிங்கப்பூரில், ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் மூலம் நுழைந்தால் அரசு மருத்துவமனைப் பரிசோதனை முடிவுகளும் மருந்துப் பட்டியலும் கிடைக்கும். பழைய சம்பவங்கள் அதில் இல்லாவிட்டால், அப்போது அனுமதித்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் மருத்துவ அறிக்கை கேட்டு விண்ணப்பியுங்கள். கட்டணம் உண்டு, சில வாரங்களும் ஆகலாம். ஆகவே நாள் குறிப்பதற்கு முன்பே கேட்பது நல்லது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய் அங்கே ரத்தக்கட்டி வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். திருச்சியிலோ மதுரையிலோ பரண்மேல் கிடக்கும் அந்த டிஸ்சார்ஜ் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மங்கலாக இருந்தாலும் பயன்படும்.

எங்கே போவது? வீட்டுக்குப் பக்கத்துப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்கலாம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் போனால் மருத்துவமனையின் நிபுணர் பிரிவில் மானியக் கட்டணம் கிடைக்கும். தனியார் மருத்துவர் கடிதத்துடன் போனால் பொதுவாகக் கிடைக்காது. சாஸ் என்ற மருத்துவக் கட்டண உதவித் திட்டத்தின் அட்டை உள்ளவர்கள் அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருந்தகத்தில் கேட்டுப் பார்க்கலாம். கடிதத்தில் "மெனோபாஸ் அறிகுறிகள்" என்று மட்டும் எழுதினால் மகளிர் பிரிவுக்குப் போவீர்கள். அங்கிருந்து ரத்தவியல் பிரிவுக்கு இன்னொரு காத்திருப்பு. "முன்பு ரத்த உறைவு வந்தது, ஹார்மோன் குறித்து ரத்தவியல் கருத்தும் தேவை" என்று முதலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 45 வயதைத் தாண்டி, மாதவிடாய் தாறுமாறாகி, உடல் சூடும் வேர்வையும் இருந்தால் மெனோபாஸை உறுதிசெய்ய ஹார்மோன் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. தைராய்டையும் ரத்தசோகையையும் பார்ப்பதுதான் உபயோகம். படபடப்பு அவற்றாலும் வரும்.

மாத்திரைக்கும் தோலில் ஒட்டும் பேட்சுக்கும் ஏன் இத்தனை வித்தியாசம்?

இரண்டிலும் இருப்பது எஸ்ட்ரடையோல் என்ற ஒரே வகை ஈஸ்ட்ரோஜனாக இருக்கலாம். போகும் பாதைதான் வேறு. விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையும், உறையாமல் தடுக்கும் புரதங்களையும் தயாரிப்பது கல்லீரல். அங்கே ஈஸ்ட்ரோஜன் மொத்தமாக வந்து விழும்போது உறையவைப்பவை கூடுகின்றன; தடுப்பவையான ஆன்டித்ராம்பினும் புரோட்டீன் எஸ்ஸும் குறைகின்றன. தோல்வழி போகும் மருந்து நேராக ரத்தத்தில் கலந்து, உடல் முழுக்கப் பரவி, கல்லீரலுக்குச் சிறிது சிறிதாகவே போய்ச் சேர்கிறது. அதனால் அந்தத் தூண்டுதல் பெரும்பாலும் நடப்பதில்லை.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 2002-இல் வெளிவந்த அமெரிக்க மகளிர் ஆரோக்கிய ஆய்வில், கூட்டு ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்த உறைவு இரண்டு மடங்கானது. 10,000 பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 16 பேருக்கு வர வேண்டியது 34 பேருக்கு வந்தது. இது முன்பு ரத்தக்கட்டி வராதவர்களின் கணக்கு. ஏற்கெனவே வந்தவர்களை மட்டும் சேர்த்து நார்வேயில் நடந்த சோதனை 2000-இல் வெளியானது. எஸ்ட்ரடையோல் 2 மில்லிகிராம் கலந்த மாத்திரை எடுத்த 71 பேரில் 8 பேருக்கு மீண்டும் உறைவு வந்தது. வெற்று மாத்திரை எடுத்த 69 பேரில் ஒருவருக்குத்தான். சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அத்தனையும் முதல் ஆண்டுக்குள் வந்தவை. "மூன்று மாதம் மாத்திரை போட்டுப் பார்ப்போமே" என்ற சமாதானம் இந்த விஷயத்தில் எடுபடாததற்கு இதுதான் காரணம். ஆபத்து மிகுந்த காலமே ஆரம்ப மாதங்கள்.

தோல்வழி மருந்துக்கு வருவோம். பிரான்ஸில் முதல் ரத்த உறைவு வந்த 1,023 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் வந்தது. தோல்வழி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு மறுபடி உறைவு வரும் வாய்ப்பு, ஹார்மோனே எடுக்காதவர்களுக்கு இருந்த அளவுதான். மாத்திரை எடுத்தவர்களுக்கு ஆறு மடங்குக்கு மேல். 2019-இல் பிரிட்டனின் பெரிய மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்விலும் பேட்சோ தோலில் தடவும் ஜெல்லோ எடுத்தவர்களுக்கு உறைவு கூடவில்லை.

இங்கே ஒரு நேர்மையான குறிப்பு. முன்பு ரத்தக்கட்டி வந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பேட்சையும் வெற்றுப் பேட்சையும் ஒப்பிட்ட பெரிய சோதனை கிடையாது. மேலே சொன்னவை கவனித்துப் பார்த்த ஆய்வுகள். பேட்ச் பெட்டியிலுள்ள தாளிலும் "முன்பு ரத்த உறைவு வந்தவர்கள் பயன்படுத்தக் கூடாது" என்றுதான் அச்சடித்திருக்கும். நிபுணர் அதை மீறி எழுதும்போது தெரிந்தேதான் எழுதுகிறார். தாளைப் படித்து அலறி மருந்தைக் குப்பையில் போட வேண்டாம். அதே நேரம், அந்த எச்சரிக்கை இருக்கும்போது இதை நீங்களாக வாங்கி ஒட்டிக்கொள்ளவும் கூடாது.

யாருக்கு, எந்த அளவுக்கு

இடுப்பு அறுவை, பெரிய எலும்பு முறிவு போன்ற தெளிவான காரணத்தோடு பல ஆண்டுகளுக்கு முன் ஒரே முறை வந்து, மருந்தை முடித்துவிட்டவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு குறைவு. 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் இருந்து, அறிகுறிகள் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், பேட்ச் அல்லது ஜெல் பற்றிப் பேசுவதில் நியாயம் உண்டு.

கருத்தடை மாத்திரையோ கர்ப்பமோ காரணமாக வந்தவர் நடுவில் நிற்கிறார். ஹார்மோன் இல்லாதபோது மறுபடி வரும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் ஈஸ்ட்ரோஜனுக்கு அவர் உடல் ஏற்கெனவே ஒரு முறை பதில் சொல்லிவிட்டது. மாத்திரை கட்டாயம் வேண்டாம். தோல்வழி மருந்தும் ரத்தவியல் நிபுணர் சம்மதித்தால் மட்டுமே, குறைந்த அளவிலிருந்து.

காரணமே தெரியாமல் வந்தவரின் நிலை கடினமானது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நிறுத்தியபின், இவர்களுக்கு முதல் ஆண்டில் சுமார் 10 சதவீதமும் ஐந்து ஆண்டில் சுமார் 25 சதவீதமும் மறுபடி வருகிறது. பெண்களுக்கு ஆண்களைவிடக் கொஞ்சம் குறைவு. ஹார்மோனே இல்லாமல் இந்த நிலை என்பதை நினைவில் வையுங்கள். பேட்ச் ஒட்டி ஆறு மாதத்தில் வந்தால் பேட்சால் வந்ததா, எப்படியும் வரவிருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஹார்மோன் அல்லாத வழிகளைப் பார்ப்பதே முறை.

இப்போது புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், கடந்த சில மாதத்துக்குள் ரத்தக்கட்டி வந்து இன்னும் நிலைபெறாதவர், உடலின் எதிர்ப்புச் சக்தியே ரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் உள்ளவர், கல்லீரல் நோய் முற்றியவர், மார்பகப் புற்றுநோய் வந்தவர்: இவர்களுக்குப் பேட்ச் பேச்சும் வேண்டாம். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவரின் கதை நேர் எதிர். ஹார்மோன் இல்லாமல் விட்டால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். ஆகவே ரத்தக்கட்டி இருந்தாலும், நிபுணர்கள் கூடிப் பேசி வழி தேடுவது அவசியம்.

பரம்பரை உறைவுக் கோளாறுக்கான சோதனையை எல்லோருக்கும் செய்ய வேண்டியதில்லை. ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் ஃபாக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றம் இங்கே அரிது. புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் குறைபாடுகள்தான் ஆசியரிடம் கூடுதலாகத் தேடப்படுபவை. சோதனை செய்யும் நேரம் தவறினால் முடிவும் தவறும். உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கும்போது புரோட்டீன் சி, எஸ் இரண்டும் குறைவாகத் தெரியும். ஈஸ்ட்ரோஜன் எடுத்தாலும் எஸ் குறையும். ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற உறைவுத் தடுப்பு மருந்துகள், ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குச் செய்யும் லூபஸ் சோதனையைக் குழப்பும். ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை ஒரு முறை பாசிட்டிவாக வந்தால் போதாது. 12 வாரம் கழித்து மறுபடியும் அப்படியே வர வேண்டும். எல்லாச் சோதனையும் சுத்தம் என்று வந்தாலும் ரத்தக்கட்டி வந்தது இல்லாமல் போய்விடாது. இதைச் சொல்லக் காரணம், "ரிப்போர்ட் நார்மல், இனி மாத்திரை போடலாம்" என்று முடிவெடுப்பவர்கள் உண்டு.

கருப்பை இருந்தால் இரண்டாவது மருந்து

கருப்பையை எடுக்காதவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது. கருப்பையின் உள்சுவர் தடித்து, காலப்போக்கில் புற்றுநோய்வரை போகலாம். அதைத் தடுக்க, கூடவே ப்ரொஜெஸ்டரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் வகையும் வேண்டும். அதிலும் எது என்பது உறைவுக் கணக்கில் முக்கியம். பேட்சை எடுத்துக்கொண்டு கூடவே தவறான மாத்திரையைச் சேர்த்தால் பேட்சின் லாபம் போய்விடும்.

மைக்ரோனைஸ்டு ப்ரொஜெஸ்டரோன் ஆய்வுகளில் உறைவைக் கூட்டவில்லை. தினமும் இரவு 100 மில்லிகிராம், அல்லது மாதத்தில் 12 நாள் 200 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. படுக்கும்போதுதான் போட வேண்டும். மயக்கமும் தூக்கமும் வரும், தூக்கமில்லாதவருக்கு அது வரமே. சில தயாரிப்புகளில் கடலை எண்ணெயோ சோயா லெசித்தினோ இருக்கும். ஒவ்வாமை இருந்தால் மருந்தாளரிடம் சொல்லுங்கள். டைட்ரோஜெஸ்டரோனும் ஆய்வுகளில் நன்றாகவே நடந்துகொண்டது. 52 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரல் கருப்பைக் கருவி இன்னொரு நல்ல வழி. மருந்து பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே தங்குகிறது, அதிக உதிரப்போக்கையும் அடக்குகிறது. மெட்ராக்ஸிப்ரொஜெஸ்டரோனும் நோரெத்திஸ்டரோன் வகையும் உறைவுக் கணக்கில் மோசமானவை. முடிந்தவரை தவிர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மெனோபாஸுக்குத் தரும் டிபோலோனும் மாத்திரைதான்; முன்பு உறைவு வந்தவர்களுக்கு அதன் தாளிலேயே தடை உண்டு. எலும்புக்கு எழுதப்படும் ராலோக்சிஃபீனும் ரத்த உறைவைக் கூட்டும். "இது ஹார்மோன் இல்லை, எலும்பு மாத்திரை" என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

நம் வேர்வையில் பேட்ச் நிற்குமா?

தொடக்க அளவு 24 மணி நேரத்துக்கு 25 அல்லது 37.5 மைக்ரோகிராம் பேட்ச். ஆறு முதல் எட்டு வாரம் பார்த்து, தேவையென்றால் 50-க்கு உயர்த்தலாம். அதற்குமேல் போவதை இவர்களுக்குத் தவிர்ப்பார்கள். 50-ஐத் தாண்டிய பேட்சில் பக்கவாத வாய்ப்பு கூடுவதாக ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஜெல் என்றால், 0.06 சதவீத ஜெல்லில் பம்பை ஒரு முறை அழுத்தினால் 0.75 மில்லிகிராம் எஸ்ட்ரடையோல் வரும். இரண்டு முறை அழுத்தியது ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் பேட்சுக்குச் சமம்.

பேட்ச் ஒட்டும் இடம் இடுப்புக்குக் கீழே, புட்டத்தின் மேல்பகுதி அல்லது அடிவயிற்றின் ஓரம். மார்பில் ஒட்டவே கூடாது. சேலையின் பாவாடை நாடா இறுக்கும் கோட்டில் ஒட்டினால் உரசிப் பெயர்ந்துவிடும். அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே தள்ளி ஒட்டுங்கள். தேங்காயெண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. எண்ணெய்க் குளியல் நாளையும் பேட்ச் மாற்றும் நாளையும் ஒன்றாக வையுங்கள்: பழையதை எடுத்து, குளித்து, சோப்பால் எண்ணெயைப் போக்கி, துடைத்து, மின்விசிறியடியில் பத்து நிமிடம் உடம்பு ஆறியபின் புதியதை ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள். வேர்வை ஈரத்தில் ஒட்டுவதுதான் பேட்ச் விழுவதற்கு முதல் காரணம். வாரம் இருமுறை மாற்றும் வகையென்றால் திங்கள், வியாழன் போல இரண்டு நாளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பக்கத்தை மாற்றுங்கள். நடுவில் விழுந்தால் புதியதை ஒட்டலாம். மாற்றும் நாளைத் தள்ளிவைக்க வேண்டாம்.

பேட்ச் நிற்கவே இல்லையென்றால் ஜெல்லுக்கு மாறுவது நல்லது. மேற்கையின் வெளிப்புறத்திலோ உள்தொடையிலோ அகலமாகத் தடவி, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தைக் கழுவாதீர்கள். தடவிய கையோடு பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது. மருந்து குழந்தையின் தோலில் ஏறும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் இருப்பவர்

ஆயுள் முழுக்க வார்ஃபரினோ ரிவரோக்சபானோ அபிக்சபானோ எடுப்பவர்களுக்கு நிலைமை வேறு. ரிவரோக்சபான் பற்றிய பெரிய சோதனைகளின் தரவை 2016-இல் மறுபடி அலசியபோது, அந்த மருந்தைச் சரியாக எடுக்கும் காலத்தில் ஹார்மோனும் எடுத்த பெண்களுக்கு உறைவு கூடவில்லை. பாதுகாப்பு தருவது அந்த மருந்துதான். ஆகவே அதை மறந்துவிடும் பழக்கமுள்ளவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. பின்னால் எப்போதாவது அந்த உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்தச் சொல்வார்கள் என்ற நிலை இருந்தால், எந்த வரிசையில் என்பதை முன்பே பேசுங்கள்: முதலில் ஹார்மோன் நிற்க வேண்டும், சில வாரம் கழித்துத்தான் உறைவுத் தடுப்பு மருந்து. தலைகீழாக நடந்தால் பாதுகாப்பில்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் மிஞ்சும்.

உதிரப்போக்கு இவர்களின் பெரிய தலைவலி. மெனோபாஸுக்கு முந்தைய தாறுமாறான மாதங்களில் ரிவரோக்சபான் எடுப்பவர் திணறிப்போவார்கள். கருப்பைக் கருவி இங்கேதான் கைகொடுக்கும். மாதவிடாய் நின்று ஓர் ஆண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு வந்தாலும் "ரத்தம் இளகும் மருந்தால்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஸ்கேனில் உள்சுவரின் தடிமனைப் பார்க்க வேண்டும். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் மேற்கொண்டு சோதனை. ஹார்மோன் தொடங்கிய முதல் சில மாதங்களில் கொஞ்சம் கசிவது வழக்கம். ஆறு மாதத்துக்குப் பிறகும் இருந்தால் பார்க்கத்தான் வேண்டும்.

வறட்சிக்கான சிறு மாத்திரை

பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று: இவைதான் தொல்லையென்றால் பேட்ச்கூடத் தேவையில்லை. 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடையோல் பிறப்புறுப்பு மாத்திரையை இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை வைப்பது வழக்கம். ரத்தத்தில் கலப்பது மிகமிகச் சொற்பம். ரத்த உறைவைக் கூட்டியதாக ஆய்வுகள் காட்டவில்லை. கூடவே ப்ரொஜெஸ்டரோனும் வேண்டியதில்லை. ஆனால் பெட்டித் தாளில் பெரிய மாத்திரைக்குப் போட்ட அதே எச்சரிக்கை அப்படியே இருக்கலாம். அதைப் படித்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் எரிச்சலைத் தாங்கிக்கொண்டு இருப்பது அநியாயம். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் மட்டும் முதலில் அந்த மருத்துவரைக் கேட்க வேண்டும். இதைக் கேட்க வெட்கமாக இருந்தால் "யூரின் தொற்று அடிக்கடி வருகிறது" என்று தொடங்குங்கள். மருத்துவருக்கு மீதி புரியும்.

ஹார்மோன் வேண்டாம் என்று முடிவானால்

மனச்சோர்வுக்கும் தரப்படும் வென்லாஃபக்ஸினை 37.5 மில்லிகிராமில் தொடங்கி 75 வரை போகலாம். வேர்வையைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். உறைவுத் தடுப்பு மருந்தோடு சேரும்போது ரத்தம் கசியும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் எடுப்பவர், இதே வகையில் தரப்படும் பராக்ஸிட்டினைத் தவிர்க்க வேண்டும்; டமாக்ஸிஃபெனின் வேலையை அது கெடுக்கும். இரவு வேர்வைக்கு கேபாபென்டின் 300 மில்லிகிராம் படுக்கும்போது. மறுநாள் காலை தலை கிறுகிறுக்கலாம். ஃபெசோலினெடன்ட் 45 மில்லிகிராம், ஈஸ்ட்ரோஜன் அல்லாமல் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டிலேயே வேலை செய்வது. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 2024 இறுதியில் கல்லீரல் பாதிப்புக்கான கடும் எச்சரிக்கையும் சேர்ந்தது. தொடங்கும் முன்பும் முதல் மூன்று மாதம் மாதந்தோறும் கல்லீரல் சோதனை வேண்டும். எண்ணத்தையும் பழக்கத்தையும் பேச்சின் மூலம் மாற்றும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கும் நல்ல சான்று உண்டு, தூக்கத்துக்கு முக்கியமாக.

மெனோபாஸ் பேச்சில் வராமல் மாட்டிவிடும் மருந்துகள்

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க, உம்ரா போக, வீட்டுக் கல்யாணத்துக்கு என்று மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை கேட்டு வாங்குவது நம்மிடையே சாதாரணம். பெரும்பாலும் அது நோரெத்திஸ்டரோன் 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. அந்த அளவில் ஒரு பகுதி உடலுக்குள் எதினைல் எஸ்ட்ரடையோலாக, அதாவது கருத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. முன்பு ரத்தக்கட்டி வந்தவர் இதை எடுக்கக் கூடாது. "இரண்டு வாரம்தானே" என்பது இதற்கும் பொருந்தாது. தேதி தெரிந்தவுடன், இரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் மாற்று வழி கேளுங்கள். உதிரப்போக்கை நிறுத்தத் தரும் டிரானெக்ஸாமிக் அமிலமும் அப்படித்தான். உறைந்த ரத்தத்தைக் கரையவிடாமல் தடுப்பதே அதன் வேலை.

சக ஊழியர் அன்போடு கொண்டுவரும் டாங் குவாய் என்ற சீன மூலிகை சூப் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக் கசிவை உண்டாக்கும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை நேர் எதிர். ரிவரோக்சபான், அபிக்சபான் அளவைக் குறைத்து உறைவுக்கு வழிவிடும். தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியோ லேகியமோ எடுத்தாலும் மருந்துப் பட்டியலில் எழுதுங்கள். ஜொகூரிலோ சென்னையிலோ வாங்கிய மாத்திரை என்றால் அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். கடையில் "அதே மருந்துதான், வேறு கம்பெனி" என்று தந்தது வாய்வழி ஈஸ்ட்ரோஜனாக இருக்கலாம்.

தொடங்கிய பிறகு எதைக் கவனிப்பது

முதல் பேட்சை ஒட்டும் முன் ஒரு வேலை பாக்கி: இரண்டு கெண்டைக்காலையும் தையல் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னால் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே, காலையில், உட்கார்ந்தபடி. முன்பு ரத்தக்கட்டி வந்த கால் பலருக்குக் கொஞ்சம் பருத்தே இருக்கும். பழைய அளவு தெரியாவிட்டால் புதிய வீக்கமா பழையதா என்று அவசரப் பிரிவில் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு காலுக்கும் இடையே 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் புதிதாக வந்தால் அன்றே ஸ்கேன் வேண்டும். ஒரு காலில் மட்டும் வலி, சூடு, இறுக்கம் இருந்தாலும் அப்படியே. நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. சிவக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள், புறங்கையால் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துவிடச் சொல்லவே கூடாது.

மூச்சு திடீரென வாங்குவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், மயங்கி விழுவது: உடனே ஆம்புலன்ஸுக்கு 995. மெனோபாஸ் படபடப்பும் இதுபோலத் தோன்றும். ஆனால் அது முகத்தில் சூடு ஏறி, வேர்த்து, சில நிமிடத்தில் அடங்கிவிடும். உட்கார்ந்த பிறகும் மூச்சு அடங்கவில்லையென்றால் அது மெனோபாஸ் இல்லை. ஆம்புலன்ஸில் ஏறும்போதே "முன்பு ரத்தக்கட்டி வந்தது, ஈஸ்ட்ரோஜன் எடுக்கிறேன்" என்ற இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் மாதம் ஒரு பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒன்று: ரத்த அழுத்தம், எடை, அறிகுறி, உதிரப்போக்கு. 50 வயதுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் எப்படியும் உண்டு. உடல் பருமனும் புகையும் உறைவுக்குத் தனித்தனிக் காரணங்கள். பேட்ச் அவற்றை ஈடுகட்டாது.

விமானப் பயணம் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் உறைவு வாய்ப்பு கூடுகிறது. சென்னைக்கே ஏறக்குறைய அவ்வளவு ஆகும். லண்டன் 13 மணி நேரத்துக்கு மேல். முழங்கால்வரை வரும் அழுத்தக் காலுறையை அளவெடுத்து வாங்கி, ஏறும் முன்பே போடுங்கள். ஓர இருக்கை கேட்டு, மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். நீண்ட பயணத்துக்கு ஒரு தடுப்பு ஊசி வேண்டுமா என்று ரத்தவியல் நிபுணரைக் கேட்கலாம். ஆஸ்பிரினை இதற்கென்று நீங்களாகப் போடாதீர்கள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால், பேட்ச் ஒட்டியிருப்பதை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்துப் பட்டியல் கேட்கும்போது மாத்திரைகளை எல்லாம் சொல்லிவிட்டு, இடுப்பில் ஒட்டியிருப்பதை மறந்துவிடுகிறார்கள்.